புகை காணாத பெட்டி

அடைக்கலமேரிக்கு ஒரு பொருளை இரவல் கொடுத்தவர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கல்யாண வீட்டுக்கு வாங்கிப்போன அண்டா, புளி போட்டுத் தேய்த்து முகம் தெரிகிற பளபளப்போடு திரும்பி வரும். பக்கத்து வீட்டுக் குடையை மழைக்கு வாங்கினால் காயவைத்து, மடித்து, பித்தானைப் போட்டுத்தான் கொடுப்பாள். ஆலங்குடிக்கு அங்கிட்டு முந்திரிக்காடுகளுக்கு நடுவே இருக்கும் அந்தச் சின்ன ஊரில், மாதா கோயில் சாமியார் முதல் பால்காரர் வரை எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம் அது. நல்ல குணம்தான். நல்ல குணம் மனுஷரைக் கவிழ்க்காது என்று யார் சொன்னது?

அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. இருபத்தாறு வருஷமாக முந்திரிக்கொட்டை வறுக்கிறாள். ரோட்டோரம் கீற்றுக் கொட்டகை. உடைத்த கொட்டையின் ஓட்டையே போட்டு அடுப்பை மூட்டி, அகலமான இரும்புச் சட்டியில் பச்சைக் கொட்டையைக் கொட்டி, நீளமான கம்பியால் விடாமல் கிளற வேண்டும். சூடு ஏற ஏற ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பொங்கி வந்து தீப்பிடிக்கும். அந்த நேரம் பார்த்துச் சட்டியைக் கவிழ்த்து, தண்ணீர் தெளித்து அணைக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினால் பருப்பு கரியாகிவிடும். எண்ணெய் தெறித்த இடத்தில் தோல் வெந்து உரியும். துணியில் பட்டால் துணி கிழிகிறவரை கறை போகாது. தார் காய்ச்சுகிற மாதிரி கறுத்த புகை எழும்பி, காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் கிளறுகிறவள் முகத்தைத் தேடிக்கொண்டு வரும். பஸ்ஸில் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்துவார்கள். பிறகு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வறுத்த பருப்பு கால் கிலோ வாங்குவார்கள். தின்கிற வாய்க்குப் புகை தெரியாது.

ஒரு சட்டிக்கு இரண்டு பேர் வேண்டும். அவளோடு நின்றவள் ஞானமணி, அவளுடைய ஓரகத்தி. அடைக்கலமேரியின் கணவர் பெலிக்ஸின் தம்பி மனைவி. தம்பி இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஒரே மகன் லியோ சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். அவன் அனுப்புவதை வைத்துக்கொண்டு ஞானமணி காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிடலாம். உட்காரவில்லை. "வீட்டுல சும்மா கெடந்தா செவுத்தோடதான் பேசணும். இங்க அக்காகூடப் பேசலாம்ல" என்பாள். பதினெட்டு வருஷம் ஒரே சட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றவர்கள். வறுக்கிற இடத்தில் பேச்சு நிற்காது. புகை அடிக்கும்போது மட்டும் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வாயை மூடி, மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அடைக்கலமேரிக்கு மாரடைப்பு வந்தது. புதுக்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். பிழைத்தாளே தவிர, நெஞ்சு பழையபடி ஆகவில்லை. நூற்றுக்கு முப்பத்தைந்துதான் வேலை செய்கிறது என்று ஸ்கேனில் போட்டிருந்தது. காலையில் ஐந்து மாத்திரை, ராத்திரி நான்கு. மூன்று மாதம் வீட்டில் இருந்தாள். நான்காம் மாதம் கொட்டகைக்குப் போய்விட்டாள். பெலிக்ஸ் திட்டினார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு இருந்தது அரை ஏக்கர் கடலைக்காடு, அதுவும் மழையை நம்பி. அவர் எந்த முகத்தோடு திட்டுவார்?

பிறகு கால் வீங்க ஆரம்பித்தது. படுத்தால் மூச்சு முட்டியது. ஒரு வருஷத்துக்குள் மூன்று தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்து நீரை இறக்கி அனுப்பினார்கள். அவளைப் பார்த்த ஹரிணி டாக்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்க. உப்பையும் கொறைச்சுட்டீங்க. அப்புறம் ஏன் திரும்பத் திரும்ப நீர் கோக்குது?" என்று அவர் கேட்டார், ஏதோ அடைக்கலமேரியிடம் பதில் இருக்கிற மாதிரி.

பதில் அவளிடம்தான் இருந்தது. கேட்ட விதம் தப்பு. கேஸ் பேப்பரில் தொழில் என்ற இடத்தில் 'முந்திரி வேலை' என்று எழுதியிருந்தது. டாக்டர் கோயம்புத்தூர்க்காரர். முந்திரி வேலை என்றால் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து பருப்பைத் தரம் பிரித்துப் பாக்கெட் போடுவது என்று நினைத்திருந்தார். அங்கே என்ன செய்வீர்கள் அம்மா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எந்தக் கருவியும் தேவைப்பட்டிருக்காது. ஆனால் வெளியே நாற்பது பேர் டோக்கனோடு நிற்கும்போது அந்த ஒரு வார்த்தைக்கு எங்கே நேரம்?

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரிக்குச் சோப்பு டப்பா அளவில் சில பெட்டிகள் வந்தன. நெஞ்சு வியாதிக்காரர் நாள் முழுக்கச் சுவாசிக்கிற காற்றில் எவ்வளவு தூசி, எவ்வளவு புகை என்று மணிக்கு மணி அளந்து வைத்துக்கொள்ளும் பெட்டிகள். ஏழு நாள் உடம்போடு மாட்டித் திரிந்துவிட்டு வந்தால், அந்தக் கணக்கைப் பார்த்து எந்த மாத்திரையைக் கூட்டுவது, எதைக் குறைப்பது, எந்த வேலையை விடச் சொல்வது என்று முடிவு செய்வார்கள். அடைக்கலமேரிக்கு ஒரு பெட்டி கிடைத்தது. ரம்யா என்று அங்கே வேலை பார்க்கிற சின்னப் பெண் அதை அவள் தோளில் மாட்டிவிட்டு, அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஏழு நாளும் போட்டுக்கங்கம்மா. நெஞ்சுகிட்டயே இருக்கட்டும். தண்ணி மட்டும் படவே கூடாது. வெல ஒசந்த பொருளு, பத்திரம். அடுத்தவங்களுக்கும் குடுக்கணும்."

மாரடைப்பு வந்த புதிதில், நெஞ்சில் வயர்களை ஒட்டி ஒரு பெட்டியை ஒரு நாள் முழுக்க இடுப்பில் கட்டிவிட்டிருந்தார்கள். அது இதயத் துடிப்பைப் பிடித்துவைக்கிற பெட்டி. இதுவும் அந்த வகைதான், வயர் இல்லாத புது மாடல் என்று அடைக்கலமேரி எண்ணிக்கொண்டாள். உடம்புக்குள் இருப்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்லும். எப்போது போட்டால் என்ன?

மறுநாள் காலையில் கொட்டகைக்குப் போட்டுக்கொண்டு போகத்தான் கிளம்பினாள். வாசலில் நின்று யோசித்தாள். கவிழ்த்த சட்டியில் தண்ணீர் அடித்தால் எதிரே நிற்கிறவள் மேல் பாதி விழும். எண்ணெய் தெறிக்கும். ஒரு நாளிலேயே பெட்டி கறுத்துப்போகும். அடுத்தவர்களுக்கும் கொடுக்க வேண்டிய பொருள். திரும்பி உள்ளே போய், கோயிலுக்கு முக்காடு போடும் வெள்ளைத் துணியில் சுற்றி, அலமாரி மேல் வைத்தாள். சாயங்காலம் குளித்து, துவைத்த ரவிக்கை மாற்றி, பெட்டியை எடுத்து மாட்டிக்கொண்டாள். ராத்திரி அதை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டே தூங்கினாள். ஏழு நாளும் இதேதான்.

ஞானமணிக்கு இந்தப் பெட்டி மேல் ஒரு கண். காரணம் இருந்தது. நாலைந்து மாதமாகக் கோயில் மேட்டில் ஏறினால் அவளுக்கு இடது தோள் இறுக்கிக்கொண்டது. லியோ போனில் தினமும் சண்டை போட்டான்: அந்த வேலையை விடு, டாக்டரைப் பார். அவள் சாக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். இப்போது நல்ல சாக்கு ஒன்று கிடைத்தது.

"பெட்டி எங்கக்கா?" என்று இரண்டாம் நாள் கேட்டாள்.

"வீட்டுல வச்சிருக்கேன்டி. இங்க கொண்டாந்தா வெளங்கிரும். அதான் ராத்திரி பூரா நெஞ்சுமேல கெடக்குதே. உள்ள போன பொகை அதுக்குத் தெரியாமலா போகும்?"

"அதுவுஞ்சரிதான். ஒனக்கு என்ன சொல்றாங்கன்னு பாப்போம். பொகைதான்னு சொல்லிட்டா ரெண்டு பேருமா வேலைய விட்டுருவோம். அவனுக்கும் வாக்குக் குடுத்துட்டேன்."

ஆக, அந்தச் சின்னப் பெட்டி சொல்லப்போவது ஒருத்திக்கு இல்லை, இரண்டு பேருக்கு.

எட்டாம் நாள் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது ரம்யா பூரித்துப்போனாள். "எல்லாரும் அழுக்காக்கித்தான் கொண்டாராங்க. நீங்க ஒருத்தர்தாம்மா புதுசு மாதிரியே குடுத்திருக்கீங்க." அடைக்கலமேரிக்குப் பெருமையாக இருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

உள்ளே ஹரிணி டாக்டர் ஒரு காகிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். ஏழு நாளுக்கு ஏழு கோடு, கீழே மணி எழுதியிருந்தது. விரலை வைத்துக் காட்டினார்.

"இது காலையில அஞ்சு மணி, நீங்க சமைக்கிற நேரம். கொஞ்சம் ஏறுது. இது ராத்திரி ஏழு மணி."

"அப்ப செபமாலை சொல்லுவோம் டாக்டரம்மா. மெழுகுவத்தி, சாம்பிராணி போடுவோம்."

"அதான். இங்க பாருங்க. எட்டு மணியிலருந்து அஞ்சு மணி வரைக்கும் நீங்க வேலைக்குப் போற நேரம். எவ்வளவு கீழ இருக்கு பாத்தீங்களா? ஒங்க வேலையெடத்துல காத்து ரொம்ப சுத்தம்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பெட்டி உடம்பைப் பார்க்கவில்லை. பெட்டி எங்கே இருந்ததோ அந்த இடத்தைப் பார்த்திருக்கிறது. எட்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை அது அளந்தது, அலமாரி மேல், வெள்ளைத் துணிக்குள் இருந்த காற்றை.

"ஏழு நாளும் கழட்டாமத்தான போட்டிருந்தீங்க?" என்றார் டாக்டர்.

சொல்லியிருக்கலாம். பக்கத்தில் ரம்யா சிரித்த முகத்தோடு நின்றாள், இப்போதுதான் அத்தனை பாராட்டினவள். இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, இவ்வளவு விலை கொண்ட பொருள், படிக்காதவள் கையில் கொடுத்ததால் வீணாகிவிட்டது என்று ஆகும். அதோடு இன்னொன்றும் இருந்தது. அதை அவள் வெகுநாள் கழித்துத்தான் தனக்குத் தானே ஒப்புக்கொண்டாள். வேலையை விடு என்று அந்தக் காகிதம் சொல்லவில்லை. அது அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

"ஆமா டாக்டரம்மா" என்றாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கவில்லை. ஒரு சுண்டைக்காயைத்தான் மறைத்தாள். டாக்டர் தலையாட்டிவிட்டு, புகை காரணம் இல்லை என்றால் மருந்துதான் போதவில்லை என்று முடிவு செய்து, நீர் பிரிகிற மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் கூட்டி எழுதினார். அந்தக் காகிதத்தின் பிரதி ஒன்றையும் கொடுத்தார்.

கொட்டகையில் ஞானமணி கம்பியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். "என்னக்கா சொன்னாங்க?"

"பொகையில ஒண்ணுமில்லையாம்" என்றாள் அடைக்கலமேரி. காகிதத்தை எடுத்துக் காட்டினாள். இங்கேயாவது சொல்லியிருக்கலாம். பதினெட்டு வருஷம் எதிரே நின்றவள். ஆனால் டாக்டரிடம் ஒன்று, ஓரகத்தியிடம் ஒன்று என்று பேசினால் பொய் வெளியே வந்துவிடுமே. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். ஞானமணி அந்தக் காகிதத்தை வாங்கிப் பக்கத்துக் கொட்டகைகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தாள். அன்றைக்கே மகனுக்கும் போன் போட்டாள்.

"பெரியம்மாவுக்கு நெஞ்சே பாதிதான் ஓடுது. அவங்களுக்கே பொகையால ஒண்ணுமில்லன்னு மிஷினு சொல்லிருச்சு. எனக்கு என்ன வரப்போகுது?"

அதற்குப் பிறகு தோள் இறுக்கத்துக்கு அவள் தைலம் தேய்த்தாள்.

நாளை நாளை என்று ஆறு வாரம் போனது. கூட்டின மாத்திரை அடைக்கலமேரியை அடித்துப் போட்டது. எழுந்தால் தலை சுற்றியது, நின்றால் கண் இருட்டியது. ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி வெயிலில், சட்டி நன்றாகச் சூடேறின நேரத்தில், கம்பியைப் பிடித்திருந்த அவள் அப்படியே தள்ளாடினாள். ஞானமணி தாங்கிப் பிடித்து, ஓரமாகச் சாக்கில் உட்காரவைத்தாள்.

"நீ ஒக்காருக்கா. நான் கிளறுறேன்."

அன்றைக்குக் காற்றும் ஒத்துழைக்கவில்லை. புகை ஞானமணி நின்ற பக்கமே மடங்கி மடங்கி அடித்தது. அவள் மாறி நிற்கவில்லை. மாறினால் அடைக்கலமேரி உட்கார்ந்திருந்த பக்கம் புகை போகும். கொட்டை தீப்பிடித்தது. சட்டியைக் கவிழ்த்தாள், தண்ணீரை அடித்தாள். "அக்கா" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். கூப்பிட்டது சாதாரணமாக, எதையோ எடுத்துத் தரச் சொல்கிற மாதிரிதான் இருந்தது. பிறகு மடங்கி உட்கார்ந்தாள். அடைக்கலமேரி தவழ்ந்து பக்கத்தில் போவதற்குள் வியர்வையில் முகமெல்லாம் நனைந்து, கண் நிலைகுத்திவிட்டது. ஆட்டோவில் ஆலங்குடி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

லியோவுக்கு உடனே கிளம்ப முடியவில்லை. போனில் முகத்தைப் பார்த்து அழுதான். யாரோ அந்த போனைச் சவப்பெட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஊர் வழக்கம்போல, வேளை வந்துவிட்டது என்றது. அடைக்கலமேரி கல்லறையில் மண் போடக் குனிந்தவள் எழுந்திருக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்தாள். துக்கம் என்று நினைத்து நாலு பேர் தூக்கிவிட்டார்கள்.

அடுத்த தடவை ஹரிணி டாக்டரைப் பார்க்கப் போனபோது எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளைத் துணி, அலமாரி, ஆமா என்று சொன்னது, ஞானமணி. சொல்லும்போது அழவில்லை. டாக்டர் கேஸ் பேப்பரை எடுத்து, தொழில் என்ற இடத்தில் பேனாவை வைத்தார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் அந்தப் புகையில நிப்பீங்க?"

"எட்டு மணி நேரம்."

"எத்தன வருஷமா?"

"இருவத்தாறு."

"இத நான் மொதல் நாளே கேட்டிருக்கணும்" என்றார் டாக்டர். கூட்டின மாத்திரைகளைக் குறைத்து எழுதினார். இனி அந்தப் பக்கமே போகக் கூடாது என்றார். வெளியே உட்கார்ந்திருந்த பெலிக்ஸைக் கூப்பிட்டு, அவர் கையில் இன்னொரு பெட்டியைக் கொடுத்து, இரண்டே நாள் கொட்டகைக் கம்பத்தில் தொங்கவிட்டு எடுத்து வரச் சொன்னார். அது கறுத்துப்போய்த் திரும்பியது. இந்தத் தடவை கோடு காகிதத்தின் மேல் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. பெலிக்ஸ் அதை மற்றக் கொட்டகைக்காரர்களிடம் காட்டினார். இரண்டு பேர் வேலையை விட்டார்கள். மற்றவர்கள் வயிற்றுக்கு வழி கேட்டார்கள். மொதல் தடவ மிஷின் கோளாறு போல என்று யாரோ சொன்னார்கள், ஊர் அதையே பிடித்துக்கொண்டது. அடைக்கலமேரி மறுக்கவில்லை. பெலிக்ஸுக்குக்கூட அவள் சொல்லவில்லை.

பிறகு நடந்ததுதான் கொடுமை. அவள் தேற ஆரம்பித்தாள். புகையை விட்ட இரண்டாம் மாதம் கால் வீக்கம் வடிந்தது. நான்காம் மாதம் ஒரே தலையணையில் படுத்துத் தூங்கினாள். பருப்புத் தோல் உரிக்கிற வேலைக்கு, புகை இல்லாத ஒரு கட்டிடத்தில் சேர்ந்தாள். ஸ்கேனில் முப்பத்தைந்து நாற்பத்தைந்தாகியிருந்தது. டாக்டர் கைகொடுத்துச் சிரித்தார். பஸ்ஸில் வரும்போது அடைக்கலமேரிக்கு அந்த ஆஸ்பத்திரிக் காகிதத்தைக் கிழித்து எறிய வேண்டும் போல இருந்தது. நன்றாக இழுத்து விடுகிற ஒவ்வொரு மூச்சும், பார், இவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

வருஷ நினைவுப் பூசைக்கு லியோ வந்தான். பூசை முடிந்து எல்லோரும் கல்லறைக்கு நடந்தார்கள். சாமியார் செபம் சொல்லிக் கல்லறையை மந்திரித்து முடித்ததும் அவன் பெரியப்பா வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, வெகுநேரம் அடைக்கலமேரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெரியம்மா, கோயில்லருந்து கல்லறை வரைக்கும் எங்கயும் நிக்காம நடந்து வந்தீங்க. முன்ன நான் வந்தப்ப மேட்டுல மூணு தடவ ஒக்காந்தீங்க. என்ன மாத்திரை குடுக்குறாங்க?"

"மாத்திரையக் கொறச்சுட்டாங்கப்பா. பொகைய விட்டேன், அவ்வளவுதான்."

"பொகையில ஒண்ணுமில்லன்னு அம்மா எங்கிட்டச் சொன்னாங்களே. மிஷினு சொல்லிருச்சுன்னாங்க. அதக் கேட்டுத்தான் நானும் சண்டை போடுறத விட்டுட்டேன்."

"அது மொதத் தடவ கோளாறாப் போச்சுப்பா" என்றார் பெலிக்ஸ் ஆறுதலாக. "மிஷினுதான, என்ன பண்றது?"

லியோ தலையாட்டினான். அத்தோடு விட்டிருப்பான். நல்ல பிள்ளை. அவன் சம்பாதித்து வாங்கி வந்த சால்வை அவள் மடியில் இருந்தது. அதை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"மிஷினு நல்லாத்தான்யா இருந்துச்சு" என்றாள் அடைக்கலமேரி. "அழுக்காயிரும்னு நாந்தான் வீட்டுல வச்சுட்டு வேலைக்குப் போனேன். டாக்டரம்மா கேட்டாங்க, கழட்டலன்னு சொல்லிட்டேன். ஒங்கம்மாகிட்டயும் சொல்லல. ஆறு வாரம் எதுத்தாப்புலதான் நின்னா. சொல்லல."

லியோ கோபமே இல்லாத குரலில் கேட்டான்.

"சொல்லியிருந்தா அம்மா வேலைய விட்டிருப்பாங்களா?"

"அன்னைக்கே விட்டிருப்பா. ஒனக்குத்தான் வாக்குக் குடுத்திருந்தாளே."

"விட்டிருந்தா இப்படி நடந்து வந்திருப்பாங்களா, ஒங்கள மாதிரி?"

அதையேதான் அவள் போன மாதம் டாக்டரிடம் கேட்டிருந்தாள். டாக்டர், அப்படியெல்லாம் உறுதியாகச் சொல்ல முடியாதும்மா என்று இழுத்திருந்தார். அந்தப் பதிலை அவனுக்குக் கொடுக்கலாம். கொஞ்சம் ஆறுதலாக இருக்கும், அவனுக்கும் அவளுக்கும்.

"என்னைய விட அவளுக்கு ஒடம்பு நல்லா இருந்துச்சுப்பா" என்றாள். "எனக்கு முன்னாடி நடந்திருப்பா."